யாக்கோபு சார் வண்டியின் டைமிங் கவர்

11.8.91 ஞாயிறு

வாரம் முழுக்க முதல் ஷிப்ட். பிரைமர் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுக் கறி எடுக்கலாம் என்று கூட்ரோடு பக்கம் போனேன். பாபு ஷெட்டுக்குள் இழுத்துவிட்டான். புல்லட் ரிப்பேர் என்றால் வாலாஜாபாத்திலிருந்துகூட அவனிடம் தள்ளிக்கொண்டு வருவார்கள். பிரிப்பது, சேர்ப்பது அவன் வேலை. மேலே பூசுவது, தேய்ப்பது எதுவானாலும் என் தலையில் கட்டிவிடுவான், நான் கம்பெனியில் பெயிண்ட் செக்‌ஷன் என்பதால்.

இன்றைக்கு ஒரு டைமிங் கவர். எஞ்சினின் வலது பக்கத்தை மூடுகிற அலுமினிய மூடி. யாரோ சில்வர் பெயிண்டை அப்பி அப்பி மூன்று கோட் அடித்திருக்கிறார்கள். கீழ் ஓரம் உடைந்து வெல்டிங் வைத்த தழும்பு வேறு.

"அறுபத்தெட்டு மாடல்டா. ரிடையர் ஆயிட்டாரு, வண்டிய முழுசா புதுசாக்கிக் குடுன்னு வுட்டுட்டுப் போய்க்கீறாரு. கரண்ட் ஆபீஸ்ல தண்டலம் லைன் இன்ஸ்பெக்டர். யாக்கோபு சார்," என்றான் பாபு.

கவர் கையில்தான் இருந்தது. கீழே போட்டுவிடவில்லை. கறி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

12.8.91

வீட்டில் கிருபாவிடம் சொல்லவில்லை.

14.8.91 புதன்

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவளுடைய அப்பா வண்டி. அந்த வண்டி டேங்க் மேல் உட்கார்ந்துதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். ஒன்பது வயசில் அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னி விட்டதுகூட அவர்தான்.

நான் ஒரே ஒரு தடவை அவர் எதிரில் நின்றிருக்கிறேன். எண்பத்தஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையோடு, தண்டலத்தில் அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே. "சார், கிருபாவை..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "வந்த வழியே போயிடு. அவளும் உன்கூட வந்தான்னா, அவளுக்கும் இந்த கேட்டு கெடையாது." சத்தம்கூடப் போடவில்லை. கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டார்.

அவள் வந்தாள். பாப்பா பிறந்தபோது கார்டு போட்டோம். பதில் இல்லை. கோயில், சர்ச் ரெண்டு வீட்டுக்கும் பொருந்தட்டும் என்றுதான் பிரசன்னா என்று பெயர் வைத்தோம். ஒரு வீட்டிலும் கூப்பிட ஆளில்லை. அஞ்சு வயசாகிறது அவளுக்கு.

15.8.91 வியாழன்

கம்பெனியில் கொடியேற்றி லட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நேரே ஷெட். ரிமூவர் தடவி ஊறவிட்டதும் சில்வர் பெயிண்ட் வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் நல்ல அலுமினியம்.

இனி மேலே என்ன? மறுபடியும் சில்வர் அடிக்கலாம், இருந்ததையே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். பாபு மெட்ராஸுக்கு அனுப்பி குரோமியம் ஏற்று என்கிறான். அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காவிட்டால் ரெண்டு மழையில் செதில் செதிலாகக் கிளம்பும். சூடு தாங்குகிற டல் பிளாக் அடித்தால் வெல்டிங் தழும்பு மறைந்துவிடும், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். இல்லாவிட்டால் ஒன்றுமே பூசாமல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கலாம்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பாபு "வாங்க சார்" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பதிலுக்கு வந்த குரலிலேயே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. பின்பக்கம் பாய்ந்து லாரி டயர் அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். முப்பத்திரண்டு வயசு. ஒரு குழந்தைக்கு அப்பன். பொண்டாட்டியோட அப்பாவுக்கு பயந்து டயருக்குப் பின்னாடி! தூ.

பேச்சு மட்டும் கேட்டது.

"இதுக்கு மேல இன்னா பூசப்போற?"

"நீங்க சொல்றதுதான் சார்."

"எனக்கு கம்பமும் கம்பியும்தான் தெரியும். செய்யறவன் யாரோ, அவனே முடிவு பண்ணட்டும். நல்ல கையாப் பாத்துக் குடு."

நல்ல கை. டயருக்குப் பின்னால் என் கையைப் பார்த்தேன். ரிமூவர் பட்டு எரிந்துகொண்டிருந்தது.

18.8.91 ஞாயிறு

கிருபா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், "உங்கப்பாவுக்கு பளபளன்னு இருந்தா புடிக்குமா?"

கத்தி நின்றது.

"எந்த எங்கப்பா?" என்றாள்.

21.8.91 புதன்

சொல்லிவிட்டேன். ஷெட், கவர், அவள் அப்பா வண்டி, எல்லாம்.

அவள் கேட்டது ஒன்றுதான். "எளைச்சிட்டாரா?"

குரல் மட்டும்தான் கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லை என்றேன்.

"ஏன் பாக்கல?"

டயர் கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையல் கட்டுக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

22.8.91

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னாள். "கருப்பு அடிச்சுக் குடுத்துடுங்க. அப்பாவுக்கு மினுமினுப்பு ஆகாது. வாட்சு செயினு வெயில்ல கண்ணு கூசுதுன்னு தோல் வார் மாத்துனவரு. அப்புறம், நீங்க செஞ்சீங்கன்னு சொல்லாதீங்க. கழட்டி ஏரில வீசிடுவாரு."

சரி என்றேன்.

25.8.91 ஞாயிறு

சரி என்றேனே தவிர மனசு ஒப்பவில்லை.

ஒரு நாளைக்கு நானூறு பிராக்கெட்டுக்குக் கருப்பு அடிக்கிறேன். லாரிக்கு அடியில் போய்விடுகிற சாமான். யார் அடித்தது என்று எவனுக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். இதற்கும் கருப்பு அடித்தால் இதுவும் நானூற்றி ஒன்று.

அந்த மனுசன் தினமும் வண்டியை எடுக்கும்போது குனிஞ்சு பாக்கணும். பாத்தா அசரணும். யார்றா இவன்னு நெனைக்கணும். பேர் தெரிய வேணாம். அசந்தா போதும்.

போதுமா?

1.9.91 ஞாயிறு

கண்ணாடிதான் என்று முடிவு பண்ணிவிட்டேன். கவரை லுங்கியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, போன கோடு சாகும்வரை குறுக்கே தேய்த்து, அடுத்த நம்பருக்கு மாறி, அப்புறம் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர். விரல் நுனியில் ரேகையே போய்விட்டது. வெல்டிங் வைத்த இடத்தில் ஊசி குத்தினாற்போல ரெண்டு ஓட்டை. அதை இறக்கவே அரை நாள்.

கிருபா ரெண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனாள். கருப்பு அடிக்கிறவன் இப்படித் தேய்க்க மாட்டான் என்று அவளுக்கும் தெரியும்.

இது அவருக்காகவா, எனக்காகவா?

7.9.91 சனி

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் பஃபிங் வீல் இருக்கிறது. அங்கே ரெண்டு மணி நேரம் பிடித்து முடித்தேன். மேலே வார்னிஷ் ஏதும் அடிக்கவில்லை, எஞ்சின் சூட்டில் மஞ்சளாகிவிடும். திரும்பும்போது பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மே மாசம் இங்கே குண்டு வெடித்த பிறகு இந்த ரோட்டில் பை வைத்திருக்கிறவனெல்லாம் இறங்கித்தான் ஏறவேண்டும். என் மடியில் துணி சுற்றிய கனமான சாமான். கான்ஸ்டபிள் அதைத் தொட்டுப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நகர்ந்துவிட்டார்.

"இன்னாது?"

"வண்டி சாமான் சார்."

"கீழ எறங்கு. மெல்ல வை. நீயே பிரி."

முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். துணி விலகியதும் வெயில் அதில் பட்டு அவர் முகத்தில் அடித்தது. ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மீசையின் ஒரு பக்கத்தை விரலால் ஒதுக்கினார்.

"எவர்சில்வரா?"

"அலுமினியம் சார். உப்புத்தாள் போட்டுத் தேச்சது."

"நீயா?" என்றார். "ம். போ, ஏறு."

வீடு வரும்வரை பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

8.9.91 ஞாயிறு

பாபுவிடம் கொடுப்பதற்கு முன்னால் கிருபா கையில் வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் என் விரல் தடத்தைத் துடைத்தாள்.

"அழகாத்தான் கீது," என்றாள். "அவருக்குன்னு செய்யல நீங்க."

15.9.91 ஞாயிறு

பாபு உளறிவிட்டான்.

நேற்று வண்டி எடுக்க வந்திருக்கிறார். கவரைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். இவன் பூரிப்பில், "நம்ம திருமலைதான் சார், மறைமலை நகர் கம்பெனி" என்று சொல்லிவிட்டான்.

"எந்தத் திருமலை?"

"ஒரகடத்துலதான் சார் வூடு."

"அதுக்கு இன்னா சொன்னாரு?" என்று பாபு தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஒண்ணும் சொல்லலடா. அஞ்சு நிமிஷம் அதையே பாத்துகினு நின்னாரு. கிக்கர ஒதைச்சாரு, கெளம்பிட்டாரு. ஏன்டா, உனக்கு அவர தெரியுமா?"

19.9.91

ரோட்டில் புல்லட் சத்தம் கேட்டால் கிருபா கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்கிறாள். சத்தம் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

29.9.91 ஞாயிறு

ஏரிக்கரைப் பக்கம் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். வேறு ஏதோ வேலை போல. அவர் கழற்றி வீசியிருப்பாரோ என்று. பைத்தியம். பதினஞ்சு மைல் சுற்றளவில் எத்தனை ஏரி!

கம்பெனியில் இந்த வாரம் மூன்று பிராக்கெட் ரிஜெக்ட். சூப்பர்வைசர் கேட்டார், "இன்னாப்பா, கல்யாண வயசுப் பையன் மாதிரி மெதக்கற?"

கிருபாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். இல்லை. காத்துக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷமாகக் காத்திருக்காத ஒருத்தியை, ஒரு மூடியைத் தேய்த்துக் காத்திருக்க வைத்துவிட்டேன். அதுதான் தாங்கவில்லை.

6.10.91

ஒன்றுமில்லை.

13.10.91 ஞாயிறு

முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணி. புல்லட் சத்தம் தாண்டிப் போகவில்லை. வாசலிலேயே நின்றது. நல்ல வெயில். வெளியே போனேன். வண்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். இளைத்துத்தான் இருக்கிறார். கிருபா கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

உள்ளே வாங்க என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் வண்டிக்கு மேலாகக் கை நீட்டி அந்தப் பக்கத்துக் கவரைக் காட்டினார்.

"இது இன்னா வேலை?"

"பிடிக்கலையா சார்?"

"ஓட்டறதுக்கு வண்டியா, மூஞ்சி பாக்கறதுக்கா? சிக்னல்ல நின்னா நாலு பேரு குனிஞ்சு தல சீவறான். வெயில் பட்டா எதிர்ல வர்றவன் திட்டறான். வேற எதனா அடிச்சிக் குடு."

ஒரு மாசம் தின்னாமல் தூங்காமல் கிடந்ததெல்லாம் எனக்கும் ஏறிவிட்டது. "செய்யறவனே முடிவு பண்ணட்டும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"உனக்கு யார் சொன்னது?"

"டயருக்குப் பின்னாடி நான்தான் குந்தினு இருந்தேன்!"

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பாரோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்போதுதான் அந்த அலறல்.

பிரசன்னா. எப்போது வெளியே வந்தாள்? நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம், அவள் வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, கவரில் தன் முகத்தைப் பார்த்து, கன்னத்தைத் தொடுவதுபோல உள்ளங்கையை வைத்திருக்கிறாள். தண்டலத்திலிருந்து ஓடிவந்த எஞ்சின்.

நான் கல்லாகிவிட்டேன். அவர்தான் வண்டியைச் சுற்றி ஓடி அவளை வாரித் தூக்கினார். வாசலில் இருந்த பேரல் தண்ணீருக்குள் அவள் கையை முழங்கைவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் யாரோ தீப்புண்ணில் தடவ இங்க் கொண்டுவந்தார்கள். "ஒண்ணும் தடவாதீங்க! தண்ணி மட்டும்! நான் எத்தன பேர பாத்திருக்கேன்!" என்று கத்தினார். லைனில் வேலை செய்தவர். குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறியது. யார் என்று தெரியாமலே கட்டிக்கொண்டது.

அப்புறம் கிருபாவிடம் சொன்னார், "ஏறு." ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை. அவள் குழந்தையோடு பின்னால் ஏறினாள். வண்டி படப்பைப் பக்கம் போய்விட்டது. எனக்கு இடமில்லை. செருப்பு இல்லாமல் கூட்ரோடுவரை ஓடிப் பஸ் பிடித்தேன்.

டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மேல்தோல்தான், மூன்று விரலில் கொப்புளம், பத்து நாளில் ஆறிவிடும் என்றார். நான் வந்ததைப் பார்த்ததும்தான் கிருபா வாய் திறந்தாள். எனக்கு மட்டும் இல்லை, ரெண்டு பேருக்கும் சேர்த்து.

"நீ அங்க நில்லு. அப்பா, நீங்களும்தான். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நேரா பாக்கத் துப்பில்ல, அலுமினியத்துல பாத்துகினு கீறீங்க! இவரு அசர வைக்கப் போனாராம், நீங்க குத்தம் சொல்ல வந்தீங்களாம். வெந்தது யாரு கை? சொல்லுங்க, யாரு கை?"

என்னை நீ என்று அவள் சொன்னதே இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். திட்டு வாங்கிக்கொண்டு.

14.10.91

லீவு போட்டேன். பிரசன்னா இடது கையால் சாப்பிடப் பழகுகிறாள். வலி இல்லையாம். "அந்தத் தாத்தா யாரு?" என்று கேட்டாள். கிருபா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "அப்ப ஏன் முன்னாடி வரல?"

20.10.91 ஞாயிறு

வந்தார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். குழந்தை வண்டிகிட்ட வந்துவிடும் என்று பயம். கையில் மில்க் பிஸ்கட். ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையின் கைக்கட்டைப் பார்த்தார், விரலை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லிப் பார்த்தார். கிருபா காபி வைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கருப்பு அடிச்சிடு."

"கருப்பு அடிச்சாலும் சூடு அதேதான் சார்." ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்கொழுப்பு இல்லை. உண்மை அதுதான்.

"சூடு அதேதான்," என்றார். "ஆனா கொழந்தைய வா வான்னு கூப்டாது."

27.10.91 ஞாயிறு

நேற்று இரவெல்லாம் மழை. காலையில் விட்டிருந்தது. வண்டியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் ஆறும்வரை பிரசன்னாவை மடியை விட்டு இறக்கவில்லை. ஆறியதும் ஆயிலை வடித்துக் கவரைக் கழற்றினேன்.

பளபளப்பில் பெயிண்ட் பிடிக்காது, சொரசொரப்பாக்க வேண்டும். தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்ததை அதே உப்புத்தாளால் நானே கெடுத்தேன். வருத்தமாக இருந்ததா? இருந்தது. பொய் எழுதி என்ன? அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதியில், "இந்த ஓரத்துல ஒடைஞ்சிருந்துதே, எங்க?" என்றார். வெல்டிங் வைத்த இடத்தைத் தடவித் தேடினார். அகப்படவில்லை. நான் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "ம்," என்றார்.

டல் பிளாக் ரெண்டு கோட். கூடத்தில் பேப்பர் விரித்து வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் குடையை எடுத்தார். பிரசன்னாவிடம், "எப்பக் காயும்னு உங்கப்பனக் கேளு" என்றார்.

அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ரெண்டு மணி நேரத்தில் காய்கிற பெயிண்ட். "மூணு நாள் ஆகும்னு சொல்லு" என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். முப்பது வருஷம் கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்க வைத்தவரிடம் சொல்கிற பொய்யா இது?

அவர் கவரைப் பார்த்தார். கிருபாவைப் பார்த்தார். அப்புறம் நேராக என்னைப் பார்த்தார்.

"மழக்காலம். மூணு நாளு எப்படிப் பத்தும்? அஞ்சு நாளு காயட்டும். வெள்ளிக்கெழம வரேன்."

பஸ்ஸுக்கு நடந்து போனார். வண்டி வாசலில் நிற்கிறது. கவர் சாயங்காலமே காய்ந்துவிட்டது.